கண்மாய் நிறைந்தால் ஆட்டம் இல்லை

எங்கள் பக்கத்துக் கால்பந்து மைதானம் வருஷத்தில் சில மாதம் தண்ணீருக்குள் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை ஒழுங்காகப் பிடித்தால் கண்மாய் பெருகிவிடும். கோல் போஸ்டுக்கு நட்ட கம்பில் பாதிதான் வெளியே தெரியும். மடை திறந்து, வயலுக்குத் தண்ணீர் போய், மாசி பங்குனி வெயிலில் உள்வாய் காய்ந்த பிறகுதான் மறுபடி ஆட்டம். மழை பொய்த்த வருஷம் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பையன்களுக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் விளையாட்டு. அந்தச் சந்தோஷத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்துக் கிருஷ்ணன்கோவிலைத் தெரியாதவர்களுக்கு: மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால் வரும். வத்திராயிருப்புக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்ப வேண்டும். 1984-இல் ஆரம்பித்த கலசலிங்கம் பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். அதைச் சுற்றித்தான் கடைகளும் விடுதிகளும் பெருகின. மேற்கே பார்த்தால் மலை. அடிவாரத்தில் செம்மண்ணும் சரளையும். கிழக்கே சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் போகப் போகக் கரிசல். கால்பந்து பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏன் மண்ணைப் பற்றியே பேசுகிறான் என்று கேட்காதீர்கள். யார் எப்படி ஆடினார்கள் என்பதை ரொம்ப நாள் இந்த மண்தான் முடிவு செய்தது.

செம்மண் சரளையில் பந்து நிற்காது. தரையோடு பாஸ் கொடுத்தால் நடுவில் ஒரு குருணைக்கல்லில் பட்டு எங்கேயோ போகும். அதனால் அந்தத் தரையில் வளர்ந்தவர்கள் பந்தை மேலேயே வைத்திருக்கப் பழகினார்கள். நெஞ்சில் வாங்கி, தொடையில் இறக்கி, தரையைத் தொடுவதற்குள் அடித்துவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது அழகுக்காக வந்ததில்லை, கல்லுக்குப் பயந்து வந்தது. ஸ்லைடிங் டேக்கிள் என்ற பேச்சே கிடையாது. ஒரு தடவை சறுக்கினால் முழங்காலிலிருந்து இடுப்பு வரை தோல் போய்விடும். எனவே டிஃபென்ஸ் ஆடுகிறவர் விழாமல், நின்றபடியே எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று படிக்கக் கற்றுக்கொண்டார். கோலிக்கும் ஒரு கணக்கு உண்டு: எந்தப் பந்துக்கு விழலாம், எதை விட்டுவிடலாம் என்று. மூன்று கோல் வாங்கிய பிறகு விழுந்து தடுத்த கோலியை நான் பார்த்ததில்லை.

கரிசல் வேறு ரகம். காய்ந்தால் பிளக்கும், நனைந்தால் உப்பும். அதிலிருக்கிற களிமண் தண்ணீரை உறிஞ்சி வீங்குகிற இனம். சித்திரையில் வெடிப்பு கணுக்காலை வாங்குகிற அகலத்துக்குத் திறந்திருக்கும். ஒரு தூறல் போட்டாலோ பாதத்தின் கீழ் மண் அப்பி, பத்து எட்டு வைப்பதற்குள் கால் கனத்துப்போகும். கரிசலில் ஓடிப் பழகியவனைச் செம்மண்ணில் பிடிக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எவ்வளவு தூரம் உண்மையோ, பந்தயத்துக்கு முன்னால் சொல்ல நல்ல வசனம்.

எல்லாவற்றிலும் சுகமானது கண்மாய்க்குள் படிந்த வண்டல்தான். மிருதுவாக இருக்கும், விழலாம், உருளலாம். பந்தும் ஓரளவு சொன்னபடி கேட்கும். ஆனால் அங்கே எதிரி சீமைக்கருவேல முள். வெளியே போன பந்து அநேகமாகக் காற்றிறங்கித்தான் திரும்பும். முதல் முள்ளுக்குச் சைக்கிள் கடையில் ஒட்டிக் கொடுப்பார்கள். அடுத்தடுத்த முள்ளுக்குக் கடைக்காரரே, "தம்பி, பிளாடரை மாத்திருப்பா. இதுல இனி ஒட்ட எடமில்ல" என்பார். பந்துக்கே இந்தக் கதி என்றால் வெறுங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் 2017-இல் பல இடங்களில் கருவேலத்தை வெட்டித் தள்ளினார்கள். நிலத்தடி நீரைக் காப்பாற்றத்தான் வழக்கு. இடையில் பந்துகளும் கொஞ்ச நாள் பிழைத்தன. பிறகு அது மறுபடி முளைத்துவிட்டது, அதன் சுபாவம் அது.

வெறுங்கால் என்றதும் இந்தியக் கால்பந்தின் பழைய கதை வந்துவிடும். 1911-இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷையர் ரெஜிமென்ட்டை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்தபோது பதினொருவரில் ஒருவர்தான் பூட் போட்டிருந்தார். தேசபக்திக் கதையாகவே இதைச் சொல்லிச் சொல்லி, தரையை மறந்துவிட்டார்கள். தரை காய்ந்திருந்தால் வெறுங்கால்காரன் பூட்காரனைவிடச் சட்டென்று திரும்புவான். மழை விழுந்து வழுக்கினால் கதை தலைகீழ். கல்கத்தாவில் கால்பந்து மழைக்காலத்து விளையாட்டு என்பதால், அன்று வானம் எப்படி என்பது பாதி முடிவு.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து இந்தியா ஆடியதும் பெரும்பாலும் வெறுங்காலில்தான். ஜூலை 31, இல்ஃபர்டில் ஒரு மைதானம். 2-1 என்று தோற்றோம். நம் பக்கத்து ஒரே கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது. கிடைத்த இரண்டு பெனால்டியும் வீண். கோடைகாலப் புல்தரை, கால் பதிந்தது, ஆட்டமும் பதிந்தது. நான்கு வருஷம் கழித்து ஹெல்சிங்கியில் குளிரும் ஈரமும். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. எதிரணி பலமானது, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அந்தத் தரையில் வெறுங்கால் எடுபடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதன்பிறகுதான் பூட் கட்டாயமானது. (1950 உலகக் கோப்பைக்குப் பூட் இல்லாததால்தான் போகவில்லை என்று டீக்கடைக்கு டீக்கடை சொல்வார்கள். இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்கு அன்று ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது என்பது அந்தக் கால அணியின் சைலன் மன்னாவே பின்னாளில் சொன்ன விளக்கம். வெறுங்கால் கதைதான் கேட்க ருசியாக இருக்கிறது, என்ன செய்வது.)

இப்போது வெளிநாட்டுப் பச்சையைப் பார்த்துவிட்டு, அங்கே ஆதிகாலத்திலிருந்தே அப்படித்தான் என்று நினைக்கிற பையன்கள் உண்டு. அவர்களுக்கு நான் காட்டுவது 1977 ஏப்ரல் 30, டெர்பி கவுண்டி அணியின் பேஸ்பால் கிரவுண்டில் நடந்த ஆட்டம். மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தாயிற்று, அடிக்க வேண்டிய புள்ளியைக் காணோம். சேறு தின்றுவிட்டது. கிரவுண்ட்ஸ்மேன் நாடாவும் பெயின்ட் வாளியும் கொண்டுவந்து, கோல் கோட்டிலிருந்து அளந்து, வெள்ளையில் புள்ளி வைத்தார். அதன்பிறகு ஜெர்ரி டேலி அடித்துக் கோலாக்கினார். இது நம்ம ஊர் டோர்னமென்ட் இல்லை, இங்கிலாந்தின் முதல் டிவிஷன். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1974 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் ஃபிராங்ஃபர்ட்டில் ஆடியபோது தீயணைப்புப் படை வந்து தண்ணீரை இறைத்த பிறகுதான் ஆட்டமே தொடங்கியது. தேங்கிய நீரில் பந்து அங்கங்கே நின்றுவிட்டது. கெர்ட் முல்லர் ஒரு கோல் அடித்தார், ஜெர்மனி இறுதிப் போட்டிக்குப் போனது. போலந்துக்காரர்கள் இன்றுவரை மழையைத்தான் திட்டுகிறார்கள்.

அவர்கள் இதை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதுதான் விஷயம். களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, அடியில் குழாய், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் பெரும்பாலும் மணலாகவே ஒரு படுகை. புல் வேர் அந்த மணலில்தான் இறங்கும். மழை விழுந்த வேகத்தில் கீழே வடிந்துவிடும். குளிரில் தரை உறையாமலிருக்க எவர்ட்டன் அணி 1958-லேயே குடிசன் பார்க் மைதானத்தின் அடியில் மின்கம்பி புதைத்தது. 1990களில் இன்னொரு வித்தை வந்தது. இயற்கைப் புல்லுக்கு இடையிடையே பிளாஸ்டிக் இழையைச் சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தைத்துவிடுவது. வேர் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், பெயராது. நிழல் விழுகிற இடத்துக்குத் தள்ளுவண்டியில் விளக்கு. மாட்ரிட்டில் பெர்னபேயு அரங்கத்தில் இப்போது மைதானத்தையே துண்டு துண்டாகக் கழற்றித் தரைக்கடியில் இறக்கி வைக்கிறார்கள்.

குறும் பாஸ்களாகக் கொடுத்து, பந்தைத் தரையிலேயே வைத்து ஆடுகிற பாணி இந்த இருபது முப்பது வருஷத்தில் உலகை வளைத்துப் போட்டதற்குப் பயிற்சியாளர்களின் மூளையைக் காரணம் சொல்கிறோம். பாதிப் புகழையாவது கிரவுண்ட்ஸ்மேன்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. டெர்பியின் அந்தச் சேற்றில் இன்றைய எந்தப் பெரிய அணியை இறக்கிவிட்டாலும் பதினைந்து நிமிஷத்தில் தூக்கி அடிக்க ஆரம்பித்துவிடும்.

ஆனால் கவனியுங்கள். அவர்கள் கண்டுபிடித்தது எல்லாம் தண்ணீரை வெளியேற்றுகிற வித்தை. நமக்கு வேண்டியதோ தண்ணீரை வரவழைக்கிற வித்தை. அங்கே தீர்ந்த பிரச்சினை இங்கே பிரச்சினையே இல்லை.

ஒரு கணக்குப் போடலாம். முழு அளவு மைதானம் 105-க்கு 68 மீட்டர், அதாவது 7,140 சதுர மீட்டர். நம்ம வெயிலில் புல் உயிரோடு இருக்க நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் 35,700 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி தினம் மூன்று நடை. வருஷத்துக்கு ஏறக்குறைய 130 லட்சம் லிட்டர். எங்கள் மாவட்டத்து மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர், அந்த மைதானத்தின்மேல் விழுகிற அத்தனையையும் பிடித்து வைத்தாலும் 57 லட்சம்தான் தேறும். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில், ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போவது. குடத்தோடு குழாயடியில் வரிசை நிற்கிற ஊரில் மைதானத்துக்கு மூன்று லாரி விட்டால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். கிராமத்து மைதானங்கள் மொட்டையாகக் கிடந்ததற்குச் சோம்பல் காரணமில்லை.

நாடு பெரிது, எல்லா இடமும் விருதுநகர் இல்லை என்பதும் சரிதான். 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது குவாஹாட்டியில் மழை தரையைக் குலைத்துவிட்டது. பிரேசில்–இங்கிலாந்து அரையிறுதியைக் கடைசி நேரத்தில் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது சென்னையின் எஃப்.சி. தன் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் போய் ஆடியது. அதில் 3-0 என்று ஜெயித்து, பிறகு கோப்பையையும் வாங்கியது.

தண்ணீரே வேண்டாத தரை என்று ஒன்று வந்தால் நம்மைப் போன்ற ஊருக்கு அது வரம் இல்லையா? அப்படித்தான் பிளாஸ்டிக் புல் வந்தது. 1966-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், கூரை மூடிய அரங்கத்தில் புல் செத்துப்போனதால் முதலில் விரித்தார்கள். இங்கிலாந்தில் குவின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் 1981-இல் போட்டது. லூட்டன், ஓல்டம், பிரஸ்டன் அணிகளும் பின்னாலேயே வந்தன. சிமென்ட் தரையில் கம்பளம் விரித்த மாதிரி இருந்ததாம், பந்து இடுப்புக்கும் மேலே எகிறியது, விழுந்தவன் தோல் வெந்தது. எங்கள் சரளைக்காரர்கள் அங்கே போயிருந்தால் முதல் நாளே பழகியிருப்பார்கள். சில வருஷத்தில் அதைத் தடைசெய்துவிட்டார்கள். பிறகு வந்த புதுத் தலைமுறைத் தரையில் இழை நீளம், நடுவே மணலும், பழைய டயரை அரைத்த கறுப்பு ரப்பர்க் குருணையும். இன்றைக்கு நம்ம ஊர்வரை வந்திருப்பது இதுதான்.

கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்திலும் இதைப் போட்டிருந்தார்கள். 2011 செப்டம்பர் 2-ஆம் தேதி அர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும் அங்கே ஆடியபோது, மெஸ்ஸி கொல்கத்தாவில் கால் வைத்தது பிளாஸ்டிக்கில்தான். அவர் அடித்த கார்னரில் ஒடமென்டி தலையால் முட்டினார், 1-0. அப்புறம் அந்த 2017 உலகக் கோப்பை வருகிறது என்றதும் பிளாஸ்டிக்கைச் சுருட்டிவிட்டு மறுபடி இயற்கைப் புல் போட்டார்கள். அந்தப் புல்லில்தான் 2023 டூரண்ட் கோப்பையில் வியாசர்பாடியில் வளர்ந்த நந்தகுமார் சேகர், ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை வீழ்த்திய ஒரே கோலை அடித்தார். வடசென்னைச் சந்துகளிலும் புழுதியிலும் பழகின கால் என்பதால் எனக்கு அந்த வீடியோ சலிப்பதே இல்லை.

நம்ம கதைக்கு வருவோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமும் இப்போது டர்ஃப் வந்துவிட்டது. நாலு பக்கமும் வலை, உச்சியிலும் வலை, பளீரென்று விளக்கு. மணிக்கணக்கில் வாடகை, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து ஜிபேயில் போட்டுவிடுகிறார்கள். "அண்ணே, ஸ்டட் வச்ச ஷூவா? இது ஆகாதுண்ணே" என்று வாசலிலேயே காலைப் பார்க்கிறார் அங்கிருக்கிற தம்பி. இந்தத் தரையில் பந்து சொன்ன இடத்துக்குப் போகிறது, விழுந்தால் ரத்தம் இல்லை, முள் இல்லை. பையன்கள் உள்ளங்காலால் பந்தை இழுத்துத் திருப்புவது, இரண்டடிக்குள் பாஸ் கொடுப்பது எல்லாம் எங்கள் காலத்து ஆட்டக்காரர்கள் செய்யாதது. அதே பையன்களிடம் உயரத்திலிருந்து இறங்குகிற பந்தைக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். வலைக்கூரைக்குக் கீழே பந்து எதற்கு அவ்வளவு உயரம் போகப்போகிறது?

குறை சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கண்மாய் மைதானம் இலவசம் என்று பெருமை பேசுகிறோமே, அது ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசம். ஊருக்கு வெளியே, இருட்டுகிற நேரத்தில், கருவேலங்காட்டு ஓரத்தில் எந்த வீட்டில் பெண் பிள்ளையை விடுவார்கள்? பெண்கள் கால்பந்து எங்கள் பகுதியில் வளர்ந்தது சுற்றுச்சுவர் உள்ள பள்ளி, கல்லூரி மைதானங்களில். மதுரையின் சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோது, வெட்டவெளிப் பொட்டல் தராத ஒன்றை மதில் சுவர் தந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரி, குறை. முதலாவது சூடு. அமெரிக்காவில் யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் அளந்தபோது, காற்று 37 டிகிரி செல்சியஸ் இருந்த ஒரு நாளில் செயற்கைத் தரை 93 டிகிரிவரை போயிருக்கிறது. தண்ணீர் அடித்துக் குளிரவைத்தால் இருபது நிமிஷத்தில் ஏறக்குறைய பழையபடி கொதி. 37 டிகிரி என்பது எங்களுக்கு அக்னி நட்சத்திரம்கூட இல்லை, சாதாரணப் பங்குனி. அதனால் டர்ஃப் இங்கே ராத்திரி மைதானம். பகலெல்லாம் காலியாகக் கிடந்து, எட்டு மணிக்கு மேல்தான் ஆள் சேரும். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அந்த நேரமும் இல்லை, அந்தக் காசும் இல்லை. இரண்டாவது அந்த ரப்பர்க் குருணை. ஷூவுக்குள், சாக்ஸுக்குள், வீட்டுத் திண்ணைவரை வரும். மழையில் அடித்துப்போனால் வாய்க்காலுக்குத்தான் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இதை நுண்பிளாஸ்டிக் பட்டியலில் சேர்த்து, 2031-க்குப் பிறகு விற்கக் கூடாது என்று விதி போட்டுவிட்டது. அங்கே விற்காதது பிறகு எந்த நாட்டுக்குக் கப்பல் ஏறும் என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

2015 பெண்கள் உலகக் கோப்பையைக் கனடாவில் முழுக்கப் பிளாஸ்டிக்கில் நடத்தியபோது வீராங்கனைகள் சட்டரீதியாகவே எதிர்த்தார்கள். ஆண்களுக்கு இப்படிச் செய்வீர்களா என்பது அவர்கள் கேள்வி. அது நியாயமான கேள்வி என்பதற்கு 2026 ஆண்கள் உலகக் கோப்பையே சாட்சி. பிளாஸ்டிக் விரித்திருந்த அமெரிக்க அரங்கங்களிலும் இயற்கைப் புல்லைக் கொண்டுவந்து பதிப்பது என்று முடிவெடுத்தார்கள்.

அப்படிப் பதிக்கிற வெப்பநாட்டுப் புல் எது தெரியுமா? பெர்முடா இனம். அதன் தாவரப் பெயர் சைனோடான் டாக்டிலான், அதாவது பிள்ளையாருக்குச் சாத்துகிற நம்ம அருகம்புல். விளையாட்டு மைதானங்களில் பரவலாக இருக்கிற டிஃப்வே 419 என்ற ரகம், இதையும் ஓர் ஆப்பிரிக்க உறவுப் புல்லையும் சேர்த்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உருவாக்கியது. வெயில் வேண்டும், நிழல் ஆகாது. மிதித்தால் சாகாது, தரைக்கு மேலும் கீழும் ஓடிப் பரவும், ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். வரப்பில் இதை வேரோடு பிடுங்கித் தோற்றுப்போகிற சம்சாரிக்கு இதெல்லாம் புதுச் செய்தி இல்லை.

தமிழக அரசு தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அறிவித்திருக்கிறது. எங்கள் பக்கம் எங்கே, எப்போது வந்தாலும், திறப்பு விழாவில் பச்சைக் கம்பளம்தான் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு முன்னால் என் பழைய கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். தினம் 35,700 லிட்டர். கிருஷ்ணன்கோவிலில் என்ன இருக்கிறதோ இல்லையோ, மாணவர் விடுதிகள் இருக்கின்றன. ஒரு பையன் குளிக்க, துவைக்க நாளுக்கு 70 லிட்டர் செலவழிக்கிறான் என்று வையுங்கள். ஐந்நூறு பேர் இருக்கிற விடுதி என்றால் 35,000 லிட்டர். கழிவறைத் தண்ணீரைச் சேர்க்காமல் இதை மட்டும் தனிக்குழாயில் பிரித்து, மணலும் ஜல்லியும் போட்ட தொட்டியில் வடிகட்டி, சாயங்காலம் ஆட்டம் முடிந்த பிறகு மைதானத்துக்கு விடலாம். லாரி வேண்டாம், யார் வீட்டுக் குடத்திலும் கைவைக்க வேண்டாம். மழை மாதங்களில் வால்வை மூடிவிட்டால் போதும். செமஸ்டர் லீவில் விடுதி காலியாகும்போது என்ன செய்வது என்று கேட்டால், அப்போது மைதானத்துக்கும் லீவு விட வேண்டியதுதான். மூன்று வாரம் தண்ணீர் இல்லாமல் அருகம்புல் பழுப்பாகும், செத்துப்போகாது.

புல் வெட்டுகிற இயந்திரத்துக்குத் தனி டெண்டர் விட வேண்டியதில்லை. கேட்டைத் திறந்து வைத்தால் ஆடுகள் தானாக வரும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவற்றை வெளியேற்றத்தான் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும்.